சந்தனம் பூசிய ரவுட்டரும் சுவருக்கு அந்தப் பக்கமும்

அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும். அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தப் பொங்கல் விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஜெபகுமார் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை மத்தியானமே துண்டு போட்டுப் பிடித்துவைத்த பெரியோர்களே! கோலப் போட்டியின் முடிவை எண்ணி ஒரு கண்ணும், பரிசாக வைத்திருக்கும் குக்கரின் மீது ஒரு கண்ணுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்தக் கண்ணாடிக்காரன் எப்போது முடிப்பான், இன்னிசைக் கச்சேரி எப்போது தொடங்கும் என்று பின்வரிசையில் நின்று பெருமூச்சு விடும் இளஞ்சிங்கங்களே! தலையைக் கைபேசிக்குள் கவிழ்த்துக்கொண்டாலும் காதை மட்டும் எனக்கு விட்டுவைத்திருக்கும் கண்ணியவான்களே! உங்கள் அத்தனை பேரையும் நெஞ்சார வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு என்ன? வீட்டு வைஃபை கோளாறும் கணினி அப்டேட் சிக்கலும், அவற்றை நாமே சரிசெய்யும் வழியும். தலைப்பு தந்தவர்கள் கொஞ்சமாவது யோசித்தார்களா? நான் யார்? தாம்பரம் மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் யாசீன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தூரப்பார்வை, கிட்டப்பார்வை. சிறுசேரிக்குப் பேருந்து ஏறிப்போய் மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்க, நம் தலைவரே அவர்களில் ஒருவராக இருக்க, ஏன் என்னைக் கூப்பிட்டார்கள்? நானும் கேட்டேன். அவர்களிடம் போனால் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுகிறார்களாம். தலைவர் சிரிக்கிறார். மறுக்கவில்லை, கவனியுங்கள்.

ரயில் போகட்டும். நம் ஊரப்பாக்கத்தில் பேச்சாளன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதென்றால் செங்கல்பட்டு வண்டி மனம் வைக்க வேண்டும்.

அன்புச் சொந்தங்களே! நம் வீடுகளில் ரவுட்டர் என்கிற வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது? பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. பிரிட்ஜுக்கு மேலே இருந்தால் போதுமா? அதற்கு ஒரு பூப்போட்ட உறை. உறை இருந்தால் போதுமா? உறைக்கு மேலே ஊறுகாய் ஜாடி. சிலர் வீட்டில் ஷோகேஸுக்குள், பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால், புதுமணப் பெண்ணைப் போல ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு நெட் வரவில்லை, நெட் வரவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுகிறோம். நெட் எப்படி ஐயா வரும்? அது குளிர்சாதனப் பெட்டியைத் தாண்டி, கொத்தமல்லிக்கட்டைத் தாண்டி, இரும்பு பீரோவைத் தாண்டி, இரண்டு சுவரைத் தாண்டி வர வேண்டும். அவ்வளவு தாண்டி வருவதற்கு நாமே சோம்பல் படுவோம். திறந்த இடத்தில், வீட்டின் நடுவில், மார்பு உயரத்தில் வையுங்கள். நான் இலவசமாகச் சொல்லும் முதல் ஆலோசனை இது. எங்கள் வீட்டிலும் அது பிரிட்ஜ் மேல்தான் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறது என்பதை முடிவில் சொல்கிறேன். அது அங்கே போன கதைதான் இன்றைய பேச்சு.

என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் கார்த்தி, அவர் மனைவி சத்யப்ரியா, அவர்களின் மகள், கார்த்தியின் தந்தையும் மாநகரப் பேருந்தை முப்பது வருடம் ஓட்டிய மாவீரருமான வீராசாமி ஐயா. அதோ, மூன்றாவது வரிசையில் கை அசைக்கிறார். அவர்கள் குடிவந்த புதிதில் நெட் இணைப்பு கிடைக்கத் தாமதமாயிற்று. என் மனைவி ஹஃபீசா நம் வைஃபையைப் போட்டுக்கொள் என்று சத்யப்ரியாவுக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். மாதங்கள் ஓடின. ரம்ஜானுக்கு எங்கள் பிரியாணி அங்கே போகும், நவராத்திரிக்கு அவர்கள் சுண்டல் இங்கே வரும். சுவர் ஒன்றுதான் நடுவில் இருந்தது. மற்றபடி இரண்டு வீடும் ஒரே வீடு.

அப்புறம் ஒரு நாள் ஹஃபீசாவின் தங்கை ரூக்சாருக்குக் கீழக்கரையில் நிக்காஹ். ஹஃபீசா நிறைமாதம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தங்கையின் கல்யாணத்தைக் கைபேசியில் பார்க்க உட்கார்ந்தாள். பேசி முடித்துவிட்டார்கள், சாட்சிகள் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை சம்மதம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. படம் திரும்ப வந்தபோது அங்கே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் என்ன? சுவருக்கு அந்தப் பக்கம், அதே நேரத்தில், அதே வைஃபையில், நம் கார்த்தி தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டிருந்தார். மலை போன்ற அப்டேட். ஒரே குழாயில் இரண்டு குடம் பிடித்தால் எந்தக் குடம் நிரம்பும்? இதுவும் ஆலோசனைதான், எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் முக்கியமான வீடியோ கால் நடக்கும்போது பெரிய அப்டேட்டைத் தொடாதீர்கள். கார்த்திக்குக் கல்யாண விஷயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஆனால் ஹஃபீசாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணீர் முட்டினால் வாய் சும்மா இருக்குமா? என்னிடம்தான் சொன்னாள்.

“ஓசி நெட்டுன்னா அதுக்கு ஒரு அளவு வேணாமா?”

கோபத்தில் வந்த சொல். என் காதுக்கு மட்டும் வந்த சொல். ஆனால் நம் பில்டர் கட்டிக்கொடுத்திருக்கும் சுவர் இருக்கிறதே, அதன் கனம் உங்களுக்கே தெரியும். இந்த வீட்டில் அப்பளம் பொரித்தால் அந்த வீட்டில் நொறுங்கும் சத்தம் கேட்கும். சொல் அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த வாரமே கார்த்தி தனி இணைப்பு வாங்கிவிட்டார். சத்யப்ரியா பேச்சை நிறுத்திவிட்டாள். ஹஃபீசாவும் நிறுத்திவிட்டாள். குழந்தை பிறந்தது, தெருவே பார்க்க வந்தது, பக்கத்து வீடு வரவில்லை. அந்த நவராத்திரிக்கு அவர்கள் வீட்டுச் சுண்டல் எங்கள் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனது. தட்டு போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை எதிர்வீட்டு மிருதுளா அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள் அம்மா, சுண்டல் உங்களுக்கு, சோகம் எனக்கு.

இப்படி இரண்டு வருடம் போனது. இப்போது போன ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

சத்யப்ரியா தன் மகள் பிறந்தபோது வேலையை விட்டவள். திரும்ப வேலை தேடத் தொடங்கியதும் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தாய்? குழந்தை வளர்த்தேன் என்று சொன்னால் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொள்ள ஒரு கம்பெனிக்கும் மனம் இல்லை. கடைசியில் சிறுசேரிக் கம்பெனி ஒன்று மூன்று சுற்று தாண்டவிட்டு, இறுதி நேர்காணலுக்கு அழைத்தது. கேள்வி கேட்பவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். அவர்கள் ஊர்க் காலண்டரில் விஜயதசமி கிடையாது. ஆகவே விஜயதசமி அன்று காலை பதினொரு மணிக்கு நேர்காணல். தன் கணினித் திரையை அவர்களுக்குக் காட்டியபடியே அவள் புரோகிராம் எழுத வேண்டும். அந்த நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று முன்பே எழுதிவிட்டார்கள்.

முந்தைய நாள் ஆயுத பூஜை. தொழிலுக்கு உதவும் கருவியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அதற்கும் ஒரு நாள் ஓய்வு தருவது எவ்வளவு பெரிய பண்பு! என் கடையில் கூட லென்ஸ் அறுக்கும் மெஷினுக்கு வேலையாள் குப்பன் பொட்டு வைக்காமல் விடமாட்டார். நான் பண்பைக் குறை சொல்லவில்லை. பண்பு போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் சொல்கிறேன். வீராசாமி ஐயா வண்டி வைத்திருந்தவர். வண்டிக்கு எப்படிப் பொட்டு வைப்பார்? தாராளமாக வைப்பார். அதே தாராளத்தோடு வைஃபை பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் காற்றுத் துவாரமெல்லாம் அடைகிற மாதிரி சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அந்தச் சந்தனக் கையோடே, பெட்டிக்குள் நெட்டைக் கொண்டுவரும் மெல்லிய கண்ணாடி இழையின் நுனியையும் துடைத்து பூஜையில் வைத்தார்.

அடுத்து சத்யப்ரியாவின் மடிக்கணினி. அது அப்போது அப்டேட்டில் இருந்தது. அணைக்காதீர்கள், அணைக்காதீர்கள் என்று திரையில் கெஞ்சிக்கொண்டிருந்தது. நல்ல நேரமோ முடியப் போகிறது. கருவி ஓய்வெடுக்காமல் பூஜை செய்வதா? எமகண்டம் பிறந்த பிறகு கற்பூரம் காட்டுவதா? ஐயா அவசரப்படுத்தினார், கார்த்தி பொத்தானை அழுத்திப் பிடித்தார், மடிக்கணினி பாதிப் பேச்சில் வாயை மூடியது. பூஜை மட்டும் குறித்த நேரத்தில் சிறப்பாக முடிந்தது.

மறுநாள் காலை பெட்டியை மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு. ஐயா அதைப் பார்த்துத் திருப்தியோடு சொன்னாராம்.

“லைட்டு எரிதேப்பா. அப்புறம் இன்னா?”

ஐயா, பேருந்து நிற்பதற்கும் சிவப்பு விளக்குதான் எரியும். கண்ணாடி இழையின் நுனியில் தூசி பட்டாலே ஒளி போகாது, சந்தனம் பட்டால் எங்கே போகும்? மற்றதில் நான் தப்பாகச் சொல்லலாம். கண்ணாடியைத் துடைப்பது பற்றி மட்டும் அடித்துச் சொல்வேன். விரல் படக்கூடாது. அந்த இழையை நாமே கழற்றவும் கூடாது. கம்பெனிக்குப் போன் போட்டால், விடுமுறை, பண்டிகை வாழ்த்துகள் என்று ஒரு பதிவுசெய்த குரல் பரிவோடு சொன்னது.

மடிக்கணினியைத் திறந்தால் அதுவும் பழி வாங்கியது. பாதியில் நின்றதல்லவா? செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன், அணைக்காதே என்று திரையில் எழுதிவிட்டு எறும்பு மாதிரி ஊர்ந்தது. வேறு வீட்டுக்குத் தூக்கிப் போகலாமே என்கிறீர்களா? பேட்டரி செத்த பழைய மடிக்கணினி, ஒயரைப் பிடுங்கினால் உயிரை விட்டுவிடும். கார்த்தியின் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ வேறு கம்பெனி நேர்காணலுக்கு அனுமதி இல்லை. கைபேசி நெட் இல்லையா என்கிறீர்களா? எங்கள் இரண்டு வீடும் தரைத்தளம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கோடு வரும். அந்த ஒரு கோடு வந்த போனும் ஐயாவுடையது. அன்றைய டேட்டா முழுவதையும் அவர் விடியற்காலையிலேயே, வீணை மீட்டும் சரஸ்வதி படமாக, தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பித் தீர்த்திருந்தார். எனக்கும் வந்தது ஐயா, மறக்காமல் அனுப்பினீர்கள், நன்றி.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பெட்டியைத் தட்டச் சொன்னார். ஒருவர் தலைகீழாக வைக்கச் சொன்னார். கடைசியில் எரிச்சல் தாங்காமல் ஐயா பெட்டியின் ஒயரையே பிடுங்கி அணைத்துவிட்டார். அன்று அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நேரம் பத்தரையைத் தாண்டியது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சுவர் வழியாகக் குரல் கேட்டது. சத்யப்ரியா கார்த்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தமாகக் கூட இல்லை.

“விடுங்க. எனக்கு இதெல்லாம் குடுத்து வைக்கல. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க.”

என் மனைவி குழந்தையை என் மடியில் போட வந்தவள் அப்படியே நின்றாள். எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நாலு எட்டு. அந்த நாலு எட்டை எடுத்து வைக்க அவளால் முடிந்ததா? முடியவில்லை. ரோஷம் விடவில்லை. ஆனால் அங்கே போக முடியாத கால், வேறு எங்கெங்கோ போனது! டிவியை அணைத்தாள். என் கைபேசியைப் பிடுங்கினாள். தன் கைபேசியை அணைத்தாள். மாடியில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த என் தம்பியிடம் நெட்டைத் தொட்டால் கை இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தாள். பிரிட்ஜ் மேலிருந்த ஊறுகாய் ஜாடியை இறக்கி, பூப்போட்ட உறையை உருவி, பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, பொதுச் சுவரைக் காட்டினாள்.

“அந்தச் செவுத்துல ஒட்டிப் புடிங்க. சத்தம் போடாதீங்க.”

சுவர் வரைக்கும் ஒயர் எட்டியது, தரை வரைக்கும் எட்டவில்லை. ஸ்டூல் மேல் ஏறினேன். இரண்டு கையாலும் அந்தப் பெட்டியைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். ஹஃபீசா, எதற்கு இது, அவர்களுக்குப் பழைய பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் விரலை உதட்டில் வைத்தாள். சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் மடிக்கணினி ஒருவழியாகத் தன் புலம்பலை முடித்துக்கொண்டு விழித்தது. விழித்ததும் தன் வீட்டு வைஃபையைத் தேடியது. அது அணைந்திருந்தது. பிறகு பழைய பழக்கத்தில், முன்பு தெரிந்திருந்த வைஃபையைத் தேடியது. சுவருக்கு மறுபக்கம், கண்ணாடிக்காரன் கையில், அது வலுவாக வீசிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் தட்டவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. மணி பதினொன்று அடிக்கும் நேரத்தில் கணினி தானாகவே இணைந்துவிட்டது.

பிறகு என்ன? அவள் பேசினாள். தடுமாறாமல் பேசினாள். தெளிவாகப் பேசினாள். நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று அவர்களும் கேட்டார்கள். குழந்தை வளர்த்தேன், அதோடு படித்தேன், இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன் என்று ஆங்கிலத்தில் நிமிர்ந்து சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஹஃபீசா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானோ முக்கால் மணி நேரம் ஸ்டூல் மேல்! கை மரத்தது, கழுத்து வலித்தது, மூக்கு அரித்தது. ஆயிரம் மூக்குக்குக் கண்ணாடி மாட்டிய எனக்கு என் மூக்கைச் சொறிய ஒரு கை இல்லை.

பேச்சு நின்றது. பிறகு எங்கள் வாசல் கதவு திறந்தது. கையில் பூஜைப் பொரிகடலைத் தட்டோடு சத்யப்ரியா நின்றாள். திரையின் மூலையில் யாசீன் ஆப்டிகல்ஸ் என்ற எங்கள் வைஃபையின் பெயரைப் பார்த்திருக்கிறாள். உள்ளே பார்த்தால், ஸ்டூல் மேல் அந்த ஆப்டிகல்ஸே பெட்டியோடு நிற்கிறது. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணா, எறங்குங்க. முடிஞ்சிடுச்சு.”

இறங்கினேன். அவள் ஹஃபீசாவைப் பார்த்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் கேள்வி அது.

“ஏன்டி பாஸ்வேர்ட மாத்தல?”

ஹஃபீசா பொரிகடலைத் தட்டை வாங்கிக்கொண்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உன்கூட பேச மாட்டேன்னுதான் இருந்தேன். உனக்கு நெட் குடுக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?”

அவ்வளவுதான். இரண்டு பேரும் அழுதார்கள். பொரிகடலையை நான் சாப்பிட்டேன்.

கார்த்தி, தலை குனியாதீர்கள். உங்கள் மீது தப்பில்லை. நான் ஒன்று கேட்கிறேன், அவையோரே! நாம் எதற்கெல்லாம் அப்டேட் போடுகிறோம்? போனுக்குப் போடுகிறோம். டிவிக்குப் போடுகிறோம். ஆதாருக்கு வரிசையில் நின்று போடுகிறோம். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்ற செய்தியை மட்டும் இரண்டு வருடம் பழையதாகவே வைத்திருக்கிறோமே, அது நியாயமா? ஒரு மடிக்கணினி, தவறாகச் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று திரையில் எழுதி, வெட்கப்படாமல் திரும்பப் பெறுகிறது. உயிருள்ள நமக்கு, கோபத்தில் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெற ஏன் இவ்வளவு பாடு? சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று மொட்டைமாடி வரை ஏறுகிறோமே, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஸ்டூல் மேல் நின்று நமக்காகக் கை வலிக்கப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நாளாவது நினைத்தோமா? நினைக்க வேண்டும் தோழர்களே! நினைக்க வேண்டும் தாய்மார்களே! அதுவும் இன்றைக்கே நினைக்க வேண்டும்!

கை தட்டியது போதும். தலைவர் கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

சத்யப்ரியாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அதோ, கழுத்தில் அடையாள அட்டையோடு ஆபீஸிலிருந்து நேராக வந்து ஹஃபீசா பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். இரண்டு நாற்காலிக்கு மூன்று தட்டுச் சுண்டல் வைத்திருக்கிறார்கள், ஒன்று எனக்கு என்று நம்புகிறேன். அவர்கள் வீட்டுப் பெட்டியைக் கம்பெனி ஆள் வந்து, இழையைத் துடைத்து, சரிசெய்துவிட்டார். அடுத்த ஆயுத பூஜைக்கு அதன் காலடியில் ஒரு பூ மட்டும் வைப்பதாக வீராசாமி ஐயா வாக்குத் தந்திருக்கிறார். அப்டேட் ஓடினால் எமகண்டத்தையும் காத்திருக்கச் சொல்வாராம்.

எங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முடிவில் சொல்வதாகச் சொன்னேன். அது மறுபடி பிரிட்ஜ் மேல் போகவே இல்லை. அந்தப் பொதுச் சுவரில், நான் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில், கார்த்தி வந்து ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தார். பாஸ்வேர்டு இன்றும் பழையதுதான். வீட்டுக்குப் போனதும் நீங்களும் உங்கள் பெட்டியைக் கீழே இறக்குங்கள். எந்தச் சுவரில் மாட்டுவது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் பொறுமைக்கும், ஒலிபெருக்கியை அணைக்காத அந்தத் தம்பிக்கும், நடுவில் ஒரே ஒரு முறை மட்டும் குறுக்கிட்ட ரயிலுக்கும் என் நன்றி. எல்லா வீட்டிலும் பச்சை விளக்கு எரியட்டும். வணக்கம்.